சகாயராணி வாங்கிய கேமரா

வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடு என்று சகாயராணிக்குச் சொன்னவர்கள் நிறையப் பேர். வேலையை விட்டால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்று அவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

திருவாண்டார்கோயிலில் ஒரு மாத்திரைக் கம்பெனி. அதில் பேக்கிங் பிரிவில் அவளுக்கு வேலை. காலையில் அரியூர் மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் அதே இடத்தில் இறக்கிவிடும். உள்ளே நுழைவதற்கு முன் தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், காலுக்கு உறை எல்லாம் போட்டுக்கொள்ள வேண்டும். செல்போனை வெளியே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். டீ நேரத்துக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும்தான் அது கைக்கு வரும். பல வருடங்களாக அவள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. போன் இல்லாமல் இருப்பது நிம்மதி என்றுகூட நினைத்திருக்கிறாள். அவள் புருசன் சார்லஸ் விழுந்த பிறகு அந்த நிம்மதி போய்விட்டது.

சார்லஸ் சென்டரிங் வேலைக்காரன். வில்லியனூரைச் சுற்றி எழும்பிய மாடி வீடுகளில் பாதிக்கு அவன் பலகை அடித்திருக்கிறான். ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேல்தளம் போட்டுக்கொண்டிருந்தபோது முட்டுக்கட்டை நழுவி, பலகையோடு சேர்ந்து கீழே வந்தான். தலையில் ஆபரேஷன் நடந்தது. ஆள் பிழைத்தான், கை காலும் பிழைத்தது. மகள் சுவேதாவைக் காரைக்காலில் நர்சிங் காலேஜில் சேர்த்துவிட்டு வந்த வாரத்தில் முதல் வலிப்பு வந்தது. உயரத்தில் ஏறக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது, தண்ணீர் பக்கம் போகக்கூடாது, தனியாக அடுப்புகிட்ட நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். உயரத்தில் நின்றே சம்பாதித்தவன் வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்தான்.

மாதத்துக்கு ஒருமுறை வரும், போகும், மாத்திரைதான் கொடுத்திருக்கிறார்களே என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் நம்பிக்கொண்டிருந்தாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது கதவு சும்மா சாத்தியிருந்தது. பாத்ரூமுக்குப் போகிற வழியில் சார்லஸ் குப்புறக் கிடந்தான். மூச்சு இருந்தது. நாக்கைக் கடித்து வழிந்த ரத்தம் கன்னத்தில் காய்ந்து, அதில் எறும்பு மொய்த்திருந்தது.

புரட்டிப்போட்டு, முகம் துடைத்து, தண்ணீர் தெளித்தாள். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தான்.

"எப்பய்யா வுழுந்த?"

"தெரியல."

"சாப்ட்டியா?"

"தெரியலடி."

எழுந்து போய் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தாள். காலையில் வடித்து வைத்துவிட்டுப் போனது அப்படியே இருந்தது. அப்படியென்றால் மத்தியானத்துக்கு முன்னாலேயே விழுந்திருக்கிறான். எதிர் வீட்டு பவுனம்மாள் ஓடிவந்து, "நா நூறு நாள் வேலைக்குப் போயிட்டேனே ராணி, வூட்டுல இருந்திருந்தா ஒரு எட்டு பாத்திருப்பனே" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். சகாயராணிக்கு அது எதுவும் காதில் விழவில்லை. எறும்பு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு பல நாள் பெல்ட்டில் மாத்திரை அட்டைகள் ஓடிவரும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் எதிரே ஓடிவந்தது.

கேமரா யோசனையைச் சொன்னது அவளோடு ஒரே மேசையில் நிற்கும் இளவரசி. ஏம்பலத்துப் பெண். வீட்டில் நெல்லும் கரும்பும் உண்டு.

"எங்கப்பா மோட்டர் கொட்டாயில கேமரா மாட்டிக்கிறாருக்கா. ஒயரத் திருடிக்கினு போயிட்டானுவ இல்ல, அதுலர்ந்து. வூட்ல படுத்துக்கினே செல்லுல பாக்குறாரு. நீயும் ஒண்ணு மாட்டு, டீ டைம்ல பாத்துக்கலாம்."

அந்த வாரமே சகாயராணி வில்லியனூரில் ஒரு பெரிய கடைக்குப் போனாள். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. சுவர் முழுக்க கேமராக்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. கடைக்காரர் நல்லபடியாகத்தான் பேசினார். வாசலுக்கு ரெண்டு, பக்கத்துச் சந்துக்கு ஒன்று, மொட்டை மாடிக்கு ஒன்று போட்டால் திருடன் எந்தப் பக்கம் வந்தாலும் மூஞ்சி தெரியும், இருட்டிலும் தெரியும், வண்டி நம்பர்கூட விழும் என்றார்.

"திருடன் இல்லைங்க. உள்ள இருக்கிறவர பாக்கணும்."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. உள்ள மாட்டினா உள்ள தெரியும்."

"காலையில நடந்தத மத்தியானம் பாக்கணும்னா?"

அவர் ஒரு மவுஸை அவள் கையில் கொடுத்து டிவியைக் காட்டினார். திரையெல்லாம் இங்கிலீஷ். தேதியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார், அப்புறம் சேனல், அப்புறம் நேரம். அவள் எதையோ அழுத்தினாள். எல்லாம் மறைந்து வேறு என்னவோ வந்தது. மறுபடி அழுத்தினாள், கறுப்பாகிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே மவுஸை வாங்கி, கண் இமைக்கும் நேரத்தில் எடுத்துக் காட்டினார். "பழகிடும்மா. வூட்ல பசங்க யாராவது இருந்தா சொல்லிக் குடுத்துடுவாங்க."

வீட்டில் பசங்க யாரும் இல்லை. யோசித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். மாதா கோயில் வரைக்கும் நடந்துபோய், கொஞ்ச நேரம் குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டு பஸ் பிடித்தாள்.

அதற்குப் பிறகு இளவரசியே தன் போனில் ஒன்றை ஆர்டர் போட்டு வரவழைத்துக் கொடுத்தாள். பல்பு மாதிரி இருந்தது, ஹோல்டரில் திருகினால் போதும். கேபிள்காரரிடம் சொல்லி இன்டர்நெட் இழுத்துக்கொண்டார்கள். முன்னறையில் மாட்டியாயிற்று. சார்லஸ் அந்த பல்பை அண்ணாந்து பார்த்தான், அவ்வளவுதான்.

முதல் நாள் டீ நேரத்தில் லாக்கரைத் திறந்தவளுக்குத் தலை சுற்றியது. போன் முழுக்க செய்திகள். ஆள் நடமாட்டம், ஆள் நடமாட்டம் என்று வரிசையாக வந்து கிடந்தன. பதறிப்போய் ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்றில் கொடியில் துண்டு ஆடியது. ஒன்றில் பவுனம்மாள் வீட்டுக் கோழி உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒன்றில் சார்லஸ் அடுப்பைப் பற்றவைப்பது சமையலறை வாசல் வழியாகத் தெரிந்தது. அதற்குள் பெல் அடித்துவிட்டது. அன்றைக்கு முழுக்க அவள் கண்ணுக்குள் அந்த நீல நெருப்பு எரிந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அடுப்பு பத்த வெச்சியா?"

"உனக்கு யாரு சொன்னா?" என்றவன், பதிலுக்குக் காத்திராமல் மேலே பார்த்தான். "ஓ, இதுவா. ஜெயில்லகூட டீ போட்டுக் குடிக்க வுடுவாங்க ராணி."

"மேல நெருப்பு புடிச்சிக்கிட்டா நா இன்னா பண்ணுவேன்? உனக்கு தெரியுமா அது எப்ப வரும்னு?"

"எனக்கு எதுவும் தெரியாது. எல்லாம் உனக்கும் அந்த பல்புக்கும்தான் தெரியும். எனக்கு வாட்ச்மேன் வெச்சிக்கிற நீ."

மறுநாள் டீ நேரத்தில் கேமராவைத் திறந்தால் திரை முழுக்க நீலக் கட்டம். என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.

"உயிரோடதான் இருக்கேன், வை" என்றான் சார்லஸ். அப்போதுதான் அது அவனுடைய லுங்கி என்று தெரிந்தது.

லுங்கியை எடுத்துவிட்டான், சண்டையும் ஒருவழியாக அடங்கியது. ஆனால் அவளுக்கு இன்னொரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் காலையில் நாலைந்து துண்டுப் படங்கள் வந்திருந்தன. அதற்குப் பிறகு மத்தியானம் வரை எதுவுமே இல்லை. ஏன் இல்லை என்று இளவரசியைக் கேட்டாள்.

"அசைஞ்சாத்தான்க்கா அது புடிக்கும். யாரும் அசையலன்னா ரெக்கார்டு ஆவாது."

சகாயராணி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். "அவரு அசையாம கெடந்தாத்தானடி நா பாக்கணும்?"

கோழி வந்தால் கூப்பிடும், துண்டு ஆடினால் கூப்பிடும், மனுசன் விழுந்து கிடந்தால் தானும் கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு பொருளைத்தான் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தோம் என்று சகாயராணிக்குப் புரிந்தது. அந்த வாரம் முழுவதும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது சார்லஸையும் கூட்டிக்கொண்டு வில்லியனூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடைக்குப் போனாள். புகழ்வேந்தன் என்கிற பையன் வைத்திருந்தான். ஐடிஐ படித்தவன், கேமராவும் இன்வெர்ட்டரும் விற்பான்.

"திருட்டு பயமாக்கா?"

அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். எறும்பைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, சார்லஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். புகழ்வேந்தன் தலையைச் சொறிந்தான்.

"அப்ப உங்களுக்கு நாள் முழுக்க நிறுத்தாம ஓடிக்கினே இருக்கறது வேணும். பெட்டியில பதிஞ்சிக்கினே இருக்கும். வீட்டுக்குள்ள ரெண்டு கேமரா போதும்." பிறகு சார்லஸ் பக்கம் திரும்பினான். "அண்ணே, உங்க வூட்ல எங்கெங்க கேமரா இருக்கக் கூடாது?"

அதுவரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சார்லஸ் திரும்பினான். இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை, சகாயராணியும் கேட்டதில்லை. அவளுக்குச் சுருக்கென்றது.

"படுக்கிற எடத்துல கூடாது. பின்னால தோட்டத்துல கூடாது" என்றான்.

"அடுப்பாண்ட?"

"அடுப்பாண்ட வேணும்" என்றாள் அவள்.

"வெச்சிக்க. நா டீ போட்டா கேக்கக் கூடாது."

கடைசியில், தண்ணீர் கொதித்ததும் தானே அணைந்துவிடும் கரன்ட் கெட்டில் ஒன்று வாங்குவது, அடுப்பை அவன் தொடுவதில்லை என்று அந்தக் கடையிலேயே முடிவானது.

புகழ்வேந்தன் தன் போனை எடுத்து எப்படிப் பார்ப்பது என்று காட்டப் போனான். சகாயராணி தடுத்துவிட்டாள். "நீ காட்டாதப்பா. காட்டும்போது எல்லாம் சுளுவாத்தான் இருக்கும். என் கையில குடு. நேத்து காலையில இந்தக் கடையில இன்னா நடந்துச்சின்னு நானே கண்டுபுடிக்கணும்."

போனை வாங்கினாள். எழுத்தெல்லாம் தமிழில் இருந்தது. படத்துக்குக் கீழே காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு பட்டை நீளமாக ஓடியது. ஆள் நடமாடிய நேரமெல்லாம் அதில் பச்சை, அசைவில்லாத நேரம் வெறும் சாம்பல். ஆனால் பதிவு மட்டும் எல்லா நேரத்துக்கும் இருந்தது. விரலால் பட்டையைத் தள்ளினாள். தள்ளத் தள்ள நேரம் பின்னால் போனது. பச்சையாக இருந்த ஓரிடத்தில் விரலை எடுத்தாள். புகழ்வேந்தன் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து, பொட்டலத்தைப் பிரித்து இட்லி தின்றுகொண்டிருந்தான்.

சார்லஸ் சிரித்துவிட்டான். அவன் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"எனக்கும் என் போன்ல போட்டுக் குடு தம்பி. அவ இன்னா பாக்குறான்னு நானும் பாக்கணும்."

"போட்டுடலாம்ணே. அக்கா, ஒண்ணு சொல்லிடறேன். அண்ணனுக்கு எதுனா ஆனா இது தானா உங்கள கூப்புடாது. அப்படி கூப்புடறதும் வருது, ஆனா மனுசன் அசந்து தூங்குனாலும் அது கத்தும். இதுல நீங்கதான் பாத்துக்கணும்."

அவன் மறைக்காமல் சொன்னதே அவளுக்குப் பிடித்திருந்தது. கரன்ட் போனால் பெட்டி நிற்காமல் இருக்க ஒரு சின்ன பேட்டரியும் வைத்துக் கொடுத்தான். வாங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு டீ நேரம் அவள் கைக்குள் அடங்கியது. லாக்கரைத் திறப்பாள், பட்டையைப் பார்ப்பாள். பச்சை, கொஞ்சம் சாம்பல், மறுபடி பச்சை. இப்போது என்ன செய்கிறான் என்று ஒரு பார்வை பார்ப்பாள். பேப்பர் படித்துக்கொண்டிருப்பான், இல்லையென்றால் கோழியை விரட்டிக்கொண்டிருப்பான். அதற்குப் பிறகுதான் டீயை வாயில் வைப்பாள். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பட்டையில் சாம்பல் கொஞ்சம் நீண்டாலே அவன் நாற்காலியில் இருக்கிறானா என்று மறுபடி பார்ப்பாள். இருந்தாலும், தெரியாமல் தவிப்பதற்கு இது தேவலாம் என்றிருந்தது.

தை மாதம் பிறந்த பிறகு ஒரு நாள் பட்டையில் பாதி காலை சாம்பலாக இருந்தது. நேர்ப்படத்தைத் திறந்தாள். சார்லஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், விழவில்லை. கண் திறந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் கண் எதையும் பார்க்கவில்லை. போன் போட்டாள். அவன் பக்கத்து ஸ்டூலில் போன் அதிர்ந்து நகருவது படத்தில் தெரிந்தது. அவன் திரும்பவில்லை. கேமராவிலேயே பேசலாம் என்று புகழ்வேந்தன் காட்டியிருந்த பொத்தானை அழுத்தி, "சுவேதாப்பா! ஏய் சுவேதாப்பா!" என்று கத்தினாள். கேண்டீனில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மட்டும் திரும்பவில்லை.

பவுனம்மாளுக்குப் போட்டாள். நல்ல காலம், வீட்டில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் படத்துக்குள் ஓடிவந்து சார்லஸின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் மெல்லத் தலையைத் திருப்பினான். "இன்னாக்கா? இன்னா வோணும்?" என்று கேட்டது சகாயராணிக்கும் கேட்டது. ஏதோ அரிசி கடன் கேட்க வந்தவளிடம் கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டான்.

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டையைப் பின்னால் தள்ளினாள். சாம்பல் தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் விரலை நிறுத்தினாள்.

சார்லஸ் கையில் டம்ளரோடு நாற்காலியில் இருந்தான். திடீரென்று முகம் வெறிச்சென்று ஆனது. உதட்டைச் சப்புக்கொட்டினான், வாயில் ஒன்றுமில்லை. டம்ளர் மடியில் சாய்ந்து டீ கொட்டியது, அவனுக்குத் தெரியவில்லை. இன்னொரு கை சட்டைப் பொத்தானைத் திருகித் திருகி விளையாடியது. பிறகு அந்தக் கையும் நின்றது. அதற்குப் பிறகு எதுவுமே அசையவில்லை.

முந்தின நாட்களையும் தள்ளிப் பார்த்தாள். வேறொரு காலையில் அதே சப்புக்கொட்டல், அதே பொத்தான். அதற்கு ரெண்டு நாள் முன்னால் சுவரோரமாக நின்றபடியே. இன்னும் பின்னால் ஒன்று. இத்தனை நாளும் அசந்து தூங்குகிறான் என்று அவள் சும்மா விட்ட சாம்பல்கள் அவை. மாதத்துக்கு ஒன்று என்று அவனும் அவளும் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அரியூர் நிறுத்தம் வந்ததை கண்டக்டர் சொல்லித்தான் இறங்கினாள்.

"தூங்கினேன்டி. அதுக்குப் போயி பவுனக்காவ வுட்டு உலுக்குறியே" என்றான் சார்லஸ்.

"லுங்கி ஏன் ஈரம்?"

குனிந்து பார்த்தான். "டீ கொட்டிக்கிச்சி போல."

"எப்ப கொட்டுச்சி?"

அவன் ஈரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, காட்டலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் போனை அவன் கையில் கொடுத்தாள்.

அவன் பார்த்தான். முடிந்ததும் மறுபடி பார்த்தான். "பொத்தானத் திருகுது பாரு" என்றான் மெதுவாக, வேறு யாரையோ சொல்வதுபோல. "யாரு சொல்லி திருகுது அது? கண்ணு தொறந்துக்கினுதான இருக்குது?"

"வேணாம், வை."

அவன் வைக்கவில்லை. தன் போனை எடுத்தான். பட்டையை அவனே தள்ளிக்கொண்டு போனான். போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருந்தபோது வலிப்பு பெரிதாக வந்ததே, அதைத் தேடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பிடுங்கப் போனாள், கையைத் தட்டிவிட்டான்.

படத்தில் அவன் தரையில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். சகாயராணி ஓடிவந்து நாற்காலியை எட்டித் தள்ளினாள், அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள், பழைய புடவை ஒன்றைச் சுருட்டித் தலைக்கு வைத்தாள். இழுப்பு நின்றதும் வாயைத் துடைத்தாள். இதெல்லாம் அவள் செய்வாள் என்று அவனுக்குத் தெரியும். தெரியாதது அதற்குப் பிறகு வந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள், சத்தம் வெளியே போகாமல் இருப்பதற்கு. பின்தலையைச் சுவரில் மோதினாள், ரொம்ப நேரம். அப்புறம் கீழே கிடந்தவன் கை அசைந்தது. அவள் சடக்கென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் மேல் குனிந்தாள். படத்தில் அவள் குரல் கேட்டது: "ஒண்ணுமில்லய்யா, ஒண்ணுமில்ல. எழுந்துக்க." சிரித்துக்கொண்டு சொன்னாள்.

சார்லஸ் போனைத் தரையில் கவிழ்த்துவைத்தான்.

"நா கண்ணு முழிச்சா நீ சிரிச்சிக்கினு இருப்ப. எப்பவும் அப்படித்தான். லேசாத்தான் வந்திருக்கும்போலன்னு நா நெனச்சிக்குவேன்."

அவன் அவளுடைய பின்தலையைத் தடவிப் பார்த்தான், வீங்கியிருக்கிறதா என்று.

"நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்" என்றான். "அத போன்ல எடுத்து வெச்சிக்க. எல்லாத்தையும்."

டாக்டரம்மா சின்ன வயசு. வரிசையில் இன்னும் நிறையப் பேர் காத்திருந்தார்கள். ஆனாலும் அவர் படத்தைக் கடைசிவரை பார்த்தார், அடுத்ததையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"இதுவும் வலிப்புதான்மா. கை கால் இழுக்காது, முழிச்சிக்கிட்டு இருக்கிற மாதிரியே இருக்கும். அவருக்கே தெரியாது. மாசத்துக்கு ஒண்ணுன்னுதானே சொன்னீங்க?"

"அப்படித்தான் நெனச்சோம் மேடம்."

"நீங்க சொன்னத வெச்சித்தான் மாத்திரை குடுத்தோம். இப்ப மாத்தணும். ஒரு டெஸ்ட்டும் எடுத்துடலாம்." அவர் சார்லஸைப் பார்த்தார். "கேமரா மாட்டினதுக்கு ஒத்துக்கிட்டீங்களே, பரவால்ல."

"எங்கெங்க மாட்டக் கூடாதுன்னு நாந்தான் சொன்னேன் மேடம்" என்றான் சார்லஸ்.

புது மாத்திரை முதலில் அவனைத் தூக்கத்தில் தள்ளியது. சகாயராணிக்கு அந்த வாரங்கள்தான் பெரும்பாடு. பட்டை முழுக்க சாம்பல், எது தூக்கம் எது வலிப்பு என்று அவளால் பிரிக்க முடியவில்லை. டீ நேரம் போதாமல் சாப்பாட்டு நேரத்தையும் அதிலேயே கழித்தாள். இளவரசி ஊட்டாத குறையாக ரெண்டு வாய் தின்னவைப்பாள். பிறகு உடம்பு மருந்துக்குப் பழகியது. சப்புக்கொட்டல் குறைந்தது. மாசி போய், பங்குனி போய், பெரியது ஒன்று மட்டும் வந்தது, அதுவும் சீக்கிரம் விட்டது. முழுக்க நின்றுவிடும் என்று டாக்டரம்மா வாக்குக் கொடுக்கவில்லை. நின்று ரொம்ப நாள் ஆனால் மாத்திரையைக் குறைப்பதைப் பற்றி அப்போது பேசலாம் என்றார்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாள் காலையில் அவள் கிளம்பும்போது சார்லஸ் சட்டை போட்டுக்கொண்டு நின்றான்.

"மெயின் ரோட்டு டீக்கடை வரைக்கும் போயிட்டு வருவேன். தெனமும்."

"தனியாவா?"

"தனியாத்தான். ரோட்ட தாண்ட மாட்டேன். கடைக்காரங்கிட்ட சொல்லி வெச்சிட்டேன், வலிப்பு வந்தா ஒருக்களிச்சிப் படுக்க வெச்சிட்டு உனக்கு போன் பண்ணுன்னு. படத்தையும் காட்டிட்டேன் அவங்கிட்ட."

"எந்தப் படத்த?"

"என்னுதத்தான். உன்னுத காட்டல."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், பஸ் ஹாரன் அடித்ததால் சொல்லாமலே ஓடினாள். சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டான்.

டீ நேரத்தில் கேமராவைத் திறந்தபோது முன்னறை காலியாக இருந்தது. நாற்காலி, ஸ்டூல், மடித்துவைத்த பேப்பர். போனைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். விரல் தானாக அவன் நம்பருக்குப் போனது.

ரெண்டு ரிங்கிலேயே எடுத்தான். பின்னால் லாரி போகிற சத்தமும், யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டது.

"டீ குடிச்சிக்கினு இருக்கேன்" என்றான் சார்லஸ். "நீ குடிச்சியா?"

"இன்னும் இல்ல."

"குடி. ஆறிடப் போவுது."